கொழும்பில் வாடகை வீடு: விளம்பரத்தில் இல்லாத தொகைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு பத்திரிகையின் வாடகை விளம்பரப் பக்கத்தைக் கொழும்பில் இருப்பவர்களை விடக் கிழக்கில் எங்கள் பக்கத்துப் பெற்றோர்தான் கவனமாகப் படிக்கிறார்கள். களுவாஞ்சிக்குடியோ வாழைச்சேனையோ அக்கரைப்பற்றோ, பிள்ளைக்குக் கொழும்பில் வேலையோ படிப்போ கிடைத்துவிட்டால் அடுத்த கவலை தங்க இடம். ஆனால் அந்த விளம்பரங்களில் இருப்பது இவ்வளவுதான்: வெள்ளவத்தையில் இரண்டு அறை அனெக்ஸ் (வீட்டுக்காரரின் வீட்டோடு சேர்ந்த தனிப் பகுதி), சிறு குடும்பத்துக்கு, நியாயமான வாடகை, ஒரு தொலைபேசி இலக்கம். முற்பணம் எத்தனை மாதம், கரண்ட் மீட்டர் தனியா, எடுத்துப் பேசுபவர் வீட்டுக்காரரா புரோக்கரா என்ற விபரம் எதுவும் இராது. ஒரு வீடு கட்டுப்படியாகுமா இல்லையா என்பது இந்த விடுபட்ட விபரங்களில்தான் கிடக்கிறது. அவற்றை எப்படிக் கேட்டறிவது, எங்கே ஏமாறுகிறார்கள் என்பதை எழுதி, தங்கள் விளம்பரப் பகுதியிடமும் ஒரு வேண்டுகோளை வைக்கவே இக்கடிதம்.

முதலில் முற்பணம். கொழும்பில் ஆறு மாத முற்பணம் கேட்பது சாதாரணம். ஒரு வருடத்துக்குக் கேட்பவர்களும் உண்டு. இதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, வீட்டை விட்டுப் போகும்போது திருப்பித் தரும் வைப்பு. அது வீட்டுக்காரர் கையில் இருக்க, மாத வாடகையையும் முழுதாகக் கட்டிக்கொண்டு வர வேண்டும். மற்றது மாதாமாதம் வாடகையில் கழிந்து போவது. பாதியைக் கழித்துப் பாதியை வைப்பாக வைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். “ஆறு மாத அட்வான்ஸ்” என்று தொலைபேசியில் சொன்னால் எது என்று விளங்காது. வீட்டுக்காரர் ஒன்றை நினைத்திருப்பார், வாடகைக்கு வந்தவர் இன்னொன்றை நினைத்திருப்பார், தகராறு ஏழாம் மாதம்தான் வெளியே வரும். “இது திரும்பி வருமா, கழியுமா?” என்று முதல் அழைப்பிலேயே கேட்டுவிட வேண்டும்.

அந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்பதும் கணக்கில் சேர வேண்டும். எங்கள் ஊர்களில் அது வேளாண்மை வெட்டி விற்ற காசாக இருக்கும், இல்லாவிட்டால் தாயின் நகை அடகுக்குப் போயிருக்கும். நகைக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். ஓர் உதாரணம் சொல்கிறோம்; தொகைகள் கணக்கு விளங்குவதற்காக மட்டும். முதல் வீட்டுக்கு மாதம் 40,000 ரூபா வாடகை, திரும்பி வரும் முற்பணம் ஆறு மாதம், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. சாவி வாங்கும் நாளில் முற்பணம் 240,000, முதல் மாத வாடகை 40,000, புரோக்கர் கூலி 40,000 என்று 320,000 ரூபா கையில் வேண்டும். அடகு வட்டி ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினைந்து என்று வைத்தால் 240,000க்கு வருடம் 36,000, அதாவது மாதம் 3,000. புரோக்கர் கூலியைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 3,333. ஆக, 40,000 ரூபா வீட்டின் உண்மையான மாதச் செலவு 46,333. இரண்டாவது வீட்டுக்கு வாடகை 44,000, முற்பணம் மூன்று மாதம், புரோக்கர் இல்லை. முதல் நாள் தேவை 176,000 ரூபா. 132,000 ரூபா வைப்புக்கு வட்டி மாதம் 1,650. மாதச் செலவு 45,650. கூடிய வாடகை வீடுதான் மலிவு. முதல் நாள் கைக்காசும் ஏறக்குறைய பாதிதான். வாடகையை மட்டும் பார்த்து இரண்டாவது வீட்டை ஒதுக்கிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜனவரி தொடக்கம் 30,000 ரூபா. அந்த மட்டத்தில் சம்பளம் வாங்கும் பிள்ளை தனியே ஒரு அனெக்ஸ் எடுக்க நினைப்பதில் பொருளில்லை. மூன்று நான்கு பேர் சேர்ந்து எடுப்பது, அல்லது சாப்பாட்டோடு போர்டிங் என்பதுதான் வழி. சேர்ந்து எடுக்கும்போது யார் பெயரில் ஒப்பந்தம், முற்பணத்தில் யார் எவ்வளவு போட்டார், இடையில் ஒருவர் வேலை மாறிப் போனால் அவர் பங்கை யார் கொடுப்பது என்பதை ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திட வேண்டும். ஒரே ஊர், ஒன்றாகப் படித்தவர்கள் என்று எழுதாமல் விடுவார்கள். வீட்டுக்காரரோடு வரும் சண்டையை விடக் கூட இருப்பவர்களுக்குள் வரும் சண்டைதான் இந்த ஏற்பாட்டைக் கூடுதலாக உடைக்கிறது.

போர்டிங் பார்க்கப் போகும் பெற்றோர் வாடகையைக் கேட்கும் முன் ஒரு கழிப்பறைக்கு எத்தனை பேர், கேற் எத்தனை மணிக்குப் பூட்டப்படும், விடுமுறைக்கு ஊருக்கு வந்த நாட்களின் சாப்பாட்டுக் காசு கழிபடுமா என்று கேட்க வேண்டும். காலையில் ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில் எல்லோரும் வேலைக்கு வெளிக்கிடும் இடத்தில் எட்டுப் பேருக்கு ஒரு குளியலறை சரிவராது.

இடத்தைப் பற்றி. வெள்ளவத்தைதான் வேண்டும் என்று நிற்பதால் பலர் தேவையில்லாமல் கூடக் கொடுக்கிறார்கள். கோயில், தமிழ்ச் சாப்பாட்டுக் கடை, தெரிந்த முகங்கள் எல்லாம் நடைதூரத்தில் என்பதற்கும் சேர்த்துத்தான் கொழும்பு 6இல் வாடகை வைக்கிறார்கள். வேலை எங்கே என்பதிலிருந்து தேடத் தொடங்கினால் வேறு இடங்கள் தெரியும். புறக்கோட்டை, கோட்டைப் பக்கம் வேலை என்றால் கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, முகத்துவாரம் என்பன தமிழ் பேசி வாழக்கூடிய இடங்கள். களனி ஆற்றுக்கு அப்பால் வத்தளை, ஹெந்தளை, மாபோலை இன்னும் இறங்கிய வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் 240ஆம் இலக்க பஸ்ஸில் காலையில் பேலியகொடை நெரிசலைத் தாண்டும் நேரத்தை ஒரு வேலை நாளில் நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு “கிட்டத்தான்” என்று வருபவர்கள் திங்கட்கிழமை திகைப்பார்கள்.

தெற்கே தெஹிவளை, கல்கிசை, இரத்மலானை. இங்கே கரையோர ரயில் இருக்கிறது. பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கோட்டை என்று வேலை இடங்களைத் தொட்டுக்கொண்டே அது போகும்; சீசன் டிக்கெட் எடுத்தால் பஸ்ஸை விடச் செலவு நன்றாகக் குறையும். காலி வீதியிலிருந்து உள்ளே போகப் போக வாடகை இறங்கும், ஆனால் நிலையத்துக்கு ஆட்டோ பிடிக்க வேண்டிய தூரமானால் மிச்சம் பிடித்த காசு ஆட்டோவுக்கே போய்விடும். நிலையத்திலிருந்து பதினைந்து நிமிட நடைக்குள் என்று ஒரு வட்டம் போட்டுத் தேடுவது நல்லது. ஹைலெவல் வீதியில் கிருலப்பனை, நுகேகொடைப் பக்கத்துக்கு 138ஆம் இலக்க பஸ்ஸும் களனிவெளி ரயிலும் உண்டு. கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூரிலிருந்து போகும் முஸ்லிம் குடும்பங்கள் தெஹிவளை, களுபோவிலை, தெமட்டகொடைப் பக்கம் பார்ப்பது வழக்கம். மாணவர்களுக்கு வளாகத்தின் அயல்தான் சரி: மொரட்டுவைப் பல்கலைக்கழகம் என்றால் கட்டுபெத்தை, ஜயவர்தனபுர என்றால் கங்கொடவிலை. களனிப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளையை வெள்ளவத்தையில் மாமி வீட்டுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்ற பெற்றோரின் ஆசையை பஸ் நேரம் ஒரு மாதத்தில் முறித்துவிடும்.

வீடு பார்க்கும் காலத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. எங்களுக்கு மாரி மழை கார்த்திகை, மார்கழியில் வரும். கொழும்புக்குப் பெருமழை வைகாசியிலும் ஐப்பசியிலும். எங்கள் ஆட்கள் தை பிறந்து, இங்கே வெள்ளம் வடிந்து, அலுவல்கள் ஓய்ந்தபின் போய் வீடு பார்ப்பார்கள். அப்போது கொழும்பு காய்ந்து கிடக்கும். கூரை ஒழுக்கும் ஒழுங்கையில் தேங்கும் தண்ணீரும் கண்ணில் படாது. ஆகவே சுவரைப் பார்க்க வேண்டும். நிலத்திலிருந்து ஒரே உயரத்தில் ஓடும் மங்கிய கோடு, கதவு நிலையின் அடியில் உக்கிய மரம், அலுமாரிக்குப் பின்னால் மட்டும் புதுப் பெயின்ட் என்பவை மழை வந்து போனதற்கான அடையாளம். கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கத்தில் வாடகை குறைவாகச் சொன்னால் 2016 மே வெள்ளத்திலும் 2025 நவம்பர் டித்வா புயலின்போதும் அந்த ஒழுங்கைக்குத் தண்ணீர் வந்ததா என்று வீட்டுக்காரரிடம் கேட்காமல் முன்வீட்டாரிடமும் கடைக்காரரிடமும் கேளுங்கள். காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கம் என்றால் உப்புக் காற்று. கல்லடிக்காரருக்கும் திருக்கோவில்காரருக்கும் இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. ஜன்னல் கொளுக்கி, கிறில், ஏ.சி.யின் வெளிப்பெட்டி ஆகியவற்றில் துருவைப் பார்த்துவிட்டு, அவை பழுதானால் யார் செலவு என்று கேட்டுவிட்டால் சரி.

தண்ணீரைக் காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் குழாயைத் திறந்து பார்க்க வேண்டும். மத்தியானம் பார்த்தால் எல்லா வீட்டிலும் தண்ணீர் நன்றாகத்தான் வரும். நீர் வழங்கல் சபைத் தண்ணீரா, குழாய்க் கிணறா, எல்லா வீட்டுக்கும் ஒரே தாங்கியா என்பதையும் கேட்க வேண்டும். உயர்ந்த தொடர்மாடி என்றால் தண்ணீரை மேலே ஏற்றுவது மோட்டர். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம்கூட மின்வெட்டு வந்தபோது, ஜெனரேட்டர் இல்லாத கட்டடங்களில் லிஃப்டோடு தண்ணீரும் நின்றது. ஜெனரேட்டர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. லிஃப்டுக்கும் மோட்டருக்கும் சேர்த்து இழுக்குமா, நடைபாதை விளக்குக்கு மட்டுமா என்று கேட்க வேண்டும்.

இனிக் கரண்ட் பில். எங்கள் ஆட்கள் கூடுதலாகப் பணம் விடுவது இங்கேதான், அதுவும் மாதாமாதம். வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் அமைந்தது. அறுபது அலகு வரை பாவிக்கும் வீட்டுக்கு ஓர் அட்டவணை. அறுபதைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே வேறு அட்டவணை, நிலையான கட்டணமும் கூடும். மேலே போகப் போக ஓர் அலகின் விலை பல மடங்காகும். அனெக்ஸுக்குத் தனி மீட்டர் இல்லாமல் வீட்டுக்காரரின் மீட்டரிலிருந்து வயர் இழுத்து நடுவில் ஒரு சப் மீட்டர் பூட்டியிருந்தால் இரண்டு குடும்பத்தின் பாவனையும் ஒரே கணக்கில் விழுந்து உச்சப் படிக்கு ஏறிவிடும். தனி மீட்டரில் குறைந்த அட்டவணைக்குள் முடிந்திருக்கக்கூடிய பாவனைக்குத் தாறுமாறான விலை வருவது இதனால்தான்.

அதற்கு மேல், பங்கிடும் விதத்தில் இன்னொரு சுரண்டல் நடக்கும். மொத்தம் 240 அலகு, பில் 12,000 ரூபா என்று வைப்போம். சராசரி ஓர் அலகு 50 ரூபா. சப் மீட்டரில் 60 அலகு காட்டினால் கொடுக்க வேண்டியது 3,000. சில வீட்டுக்காரர்கள் பில்லின் கடைசிப் படியில் உள்ள விலையை எடுத்து அறுபதால் பெருக்கிக் கேட்பார்கள். “நீங்கள் வந்ததால்தான் மேல்படிக்கு ஏறியது” என்பது அவர்களின் வாதம். கேட்க நியாயம்போல இருக்கும். ஆனால் அனெக்ஸை வாடகைக்கு விட்டு வருமானம் எடுப்பவர் அவர், தனி மீட்டர் எடுக்காமல் விட்டவரும் அவர். சராசரி விலையில்தான் பங்கிடுவது, மாதாமாதம் மூலப் பில்லைக் காட்டுவது என்று இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுத வைக்க வேண்டும். “ஓர் அலகு இவ்வளவு” என்று நிரந்தர விலை சொல்லும் வீடுகளும் உண்டு. கட்டணம் குறைக்கப்படும்போது அந்த விலை இறங்குவதில்லை.

தனி மீட்டர் என்றால் கடைசிப் பில்லை வாங்கி நிலுவை இருக்கிறதா என்று பாருங்கள். முன்பு இருந்தவர் கட்டாமல் போன தொகைக்காகக் கரண்டைத் துண்டிக்கும்போது இருட்டில் இருப்பது நீங்கள். சாவி வாங்கும் நாளில் கரண்ட் மீட்டர், தண்ணீர் மீட்டர், சப் மீட்டர் மூன்றையும் திகதி தெரியப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும். சப் மீட்டர் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதும் லேசு: எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மெயின் சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் மீட்டர் ஓடினால் வேறு எதையோ அதில் கொளுவியிருக்கிறார்கள். மாடிப்படி விளக்கு, தண்ணீர் மோட்டர் என்று பலதும் அப்படி அகப்பட்டிருக்கின்றன.

தொடர்மாடியில் இன்னொரு தொகை, மெயின்டனன்ஸ். 1973இன் 11ஆம் இலக்க மாடிவீட்டு உரிமைச் சட்டத்தின் கீழ் அமைந்த கட்டடங்களில் உரிமையாளர்கள் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் ஒன்று இருக்கும். காவல், லிஃப்ட், பொது விளக்கு, குப்பை எல்லாவற்றுக்கும் அது மாதம் அறவிடும். சட்டப்படி அது உரிமையாளரிடம் கேட்கும் காசு. வாடகைக்கு இருப்பவர் கட்டுவதா இல்லையா என்பது உங்களுக்கும் உரிமையாளருக்கும் இடையிலான பேச்சு. வாடகைக்குள் அடங்குமா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். லிஃப்டை மாற்றுவது, கட்டடத்துக்குப் பெயின்ட் அடிப்பது போன்ற பெரிய வேலைக்கு ஒரேயடியாக வாங்கும் தொகை எக்காரணத்தாலும் வாடகைக்காரர் தலையில் விழக்கூடாது. உரிமையாளர் நிலுவை வைத்திருக்கிறாரா என்று கீழே நிற்கும் காவலாளியிடம் கேட்டாலே தெரிந்துவிடும். அவர்களுக்குத் தெரியாத கணக்கு அந்தக் கட்டடத்தில் இல்லை.

புரோக்கர் கூலி அரை மாதத்திலிருந்து ஒரு மாத வாடகை வரை. வீடு முடிவாகிச் சாவி கைக்கு வந்தபின்தான் கொடுக்க வேண்டும். வீட்டைக் காட்டுவதற்கே காசு கேட்பவரையும், “இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள், இப்பவே பத்தாயிரம் போட்டால் பிடித்து வைக்கிறேன்” என்பவரையும் அத்தோடு விட்டுவிடலாம். ஊரிலிருந்து போன் பண்ணித் தேடுபவர்கள்தான் இதற்கு ஆளாகிறார்கள். உதயதேவியிலோ இரவு பஸ்ஸிலோ போய்ப் பார்க்கும் செலவை மிச்சம் பிடிக்கப் போய் முன்பணத்தைப் பறிகொடுக்கிறார்கள். முதல் ஒரு கிழமை உறவினர் வீட்டிலோ லொட்ஜிலோ தங்கித் தேடுவது செலவு போலத் தெரிந்தாலும் அவசரத்தில் எடுத்த வீட்டை விட மலிவு.

வாடகைக்கு விடுபவர் யார் என்பதை உறுதிப்படுத்தாமல் காசு கைமாறக்கூடாது. கரண்ட் பில்லில் உள்ள பெயர், மாநகர சபைச் சோலைவரிச் சீட்டில் உள்ள பெயர், எதிரே இருப்பவரின் அடையாள அட்டை மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் உடனே மோசடி என்று அர்த்தமில்லை. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் பல வீடுகளின் சொந்தக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார், இங்கே மைத்துனரோ பெரியம்மாவோ வாடகை எடுப்பார். அப்படியானால் அற்றோணித் தத்துவத்தின் (சொந்தக்காரர் தன் சார்பில் செயற்பட எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம்) பிரதியைக் கேளுங்கள்; வாடகைக்கு விடவும் முற்பணம் வாங்கவும் அதில் அதிகாரம் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். சொந்தக்காரரோடு ஒரு வீடியோ அழைப்பும் பேசிவிட்டால் நல்லது. தானே வாடகைக்கு இருந்துகொண்டு அறை அறையாக வேறு ஆட்களுக்கு விட்டு, ஒவ்வொருவரிடமும் முற்பணம் வாங்கிக்கொண்டு மறைபவர்களும் இருக்கிறார்கள். அங்கே கடைசியில் வீட்டுக்காரர் வந்து எல்லோரையும் வெளியே போகச் சொல்வார், அவர் பக்கம் சட்டமும் இருக்கும்.

ஒத்திக்கு வீடு எடுப்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே கவனமாக இருக்க வேண்டும். பெருந்தொகையை ஒரேயடியாகக் கொடுத்து, வாடகையில்லாமல் இருந்து, முடிவில் தொகையைத் திருப்பி வாங்கும் ஏற்பாடு எங்களுக்குப் பழக்கமானதுதான். ஊரில் யார் காணி, யாரிடம் ஈடு என்பது நாலு பேருக்குத் தெரியும். கொழும்பில் அது தெரியாது. வீடு ஏற்கெனவே வங்கியில் ஈடாக இருந்து கடன் கட்டப்படாவிட்டால், 1990இன் 4ஆம் இலக்கச் சட்டத்தின்படி வங்கி வழக்குப் போடாமலே ஏலத்துக்கு விடலாம். ஏலம் போன வீட்டில் உங்கள் ஒத்திக் காசுக்கு வங்கி பொறுப்பில்லை. சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு காணிப் பதிவகத்தில் அந்த வீட்டின் பதிவேட்டைத் தேடிப் பார்த்த பிறகே தொகையைக் கொடுக்க வேண்டும். தேடும் செலவு ஒத்தித் தொகைக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை.

ஒப்பந்தத்தைப் பற்றிப் பெரிய மயக்கம் ஒன்று இருக்கிறது. ஒரு வருட ஒப்பந்தம் என்று தாளில் எழுதி, முத்திரை ஒட்டி, இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். 1840இன் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் குத்தகையாகச் செல்லும். வெறுந்தாள் ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு “வருடம் முடியுமட்டும் எழுப்ப ஏலாது” என்று வாதாட முடியாது. அது மாத வாடகையாகவே பார்க்கப்படும், ஒரு மாத முன்னறிவித்தலோடு முடிக்கலாம். முற்பணம் கொடுத்ததற்குச் சான்றாக அந்தத் தாள் பயன்படும் என்பதால் அதைக் கிழித்தெறியவும் வேண்டாம். ஆறு மாதத்துக்கு மேல் இருக்கப் போகிறோம், பெரிய முற்பணம் கொடுக்கிறோம் என்றால் நொத்தாரிசுச் செலவு பொறுக்கக்கூடியதே. நொத்தாரிசுக் கூலியையும் முத்திரை வரியையும் யார் கட்டுவது என்று முதலே பேசிக்கொள்ள வேண்டும்.

1972இன் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் பாதுகாக்கும் என்று நம்பும் மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இடையில் வந்த திருத்தங்களால் இன்று புதிதாக வாடகைக்கு விடப்படும் வீடுகளுக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. மறுபக்கம், குத்தகைக் காலம் முடிந்தும் போகாதவரிடமிருந்து இடத்தை விரைவாக மீட்க 2023இன் 1ஆம் இலக்கச் சட்டம் வீட்டுக்காரருக்கு வழி கொடுத்திருக்கிறது. ஆகவே முடிவுத் திகதியை நாட்காட்டியில் குறித்து வைத்து, இரண்டு மாதம் முன்பே புதுப்பிப்பதா போவதா என்று எழுத்தில் கேட்டுவிட வேண்டும்.

ஒப்பந்தம் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ வந்தால் வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லிக் கேட்பதில் வெட்கமில்லை. அதில் தேட வேண்டியவை: முற்பணத் தொகையும் அது திரும்பும் வகையும், வீட்டை ஒப்படைத்து எத்தனை நாளில் திரும்பும், எதற்கெல்லாம் அதில் வெட்டலாம், புதுப்பிக்கும்போது வாடகை நூற்றுக்கு எவ்வளவு ஏறும், இடையில் போனால் இரு பக்கமும் எத்தனை மாத அறிவித்தல். “முதல் ஆறு மாதத்துக்குள் போனால் முற்பணம் திரும்பாது” என்ற வரி பல ஒப்பந்தங்களில் நடுவில் ஒளிந்திருக்கும். தகுதிகாண் காலத்தில் வேலை செய்யும் பிள்ளைக்கும் இடமாற்றம் வரக்கூடிய அரச ஊழியருக்கும் அந்த வரி ஆபத்து. இடமாற்றம் வந்தால் விதிவிலக்கு என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னால் பெரும்பாலானவர்கள் சம்மதிக்கிறார்கள். திருத்த வேலையில் கூரை, சுவர், குழாய், வயரிங் வீட்டுக்காரருடையது, பல்ப், பூட்டு, குழாய் வொஷர் வாடகைக்காரருடையது என்று பிரித்து எழுதினால் சண்டை குறையும். எல்லாக் காசும் சொந்தக்காரரின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். கையில் கொடுத்தால் பற்றுச்சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாது.

எழுதப்படாத நிபந்தனைகளும் உண்டு. வீட்டுக்காரரின் முதல் கேள்வி “எந்த இடம்?” என்பதாக இருக்கும். மட்டக்களப்பு என்றதும் குரல் மாறுகிற வீடுகளும் இருக்கின்றன. முஸ்லிம் பெயரைக் கேட்டதும் “இப்பதான் வேறு ஆள் எடுத்தார்” என்கிற வீடுகளும் இருக்கின்றன. தனியே வேலை பார்க்கும் பொடியன்களுக்கு இல்லை என்பது மிகச் சாதாரணம். சட்டம் பேசி அந்த வீட்டுக்குள் போய் நிம்மதியாக இருக்க முடியாது என்பதால் நேரத்தை அங்கே செலவழிக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஆனால் “சைவச் சமையல் மட்டும்” என்ற நிபந்தனைக்குத் தலையாட்டி உள்ளே போகும் எங்கள் ஆட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஊரிலிருந்து கொடுத்துவிடும் கருவாட்டுப் பொட்டலத்தைப் பொரித்த அன்றைக்கே அது மூன்று மாடிக்கும் தெரிந்துவிடும். மீன் இல்லாமல் சோறு இறங்காதவர்கள் அந்த வீட்டை விட்டுவிட்டு வேறு பார்ப்பதுதான் நல்லது.

பொலிஸ் பதிவு பற்றிப் பெற்றோர் இன்னும் பயந்து கேட்கிறார்கள். 2007 ஜூனில் லொட்ஜுகளில் இருந்த தமிழரைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியதையும் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்ததையும் மறக்காதவர்கள் அப்படிக் கேட்பது இயல்பு. இன்று நடைமுறையில் வீட்டுக்காரர் கேட்பது அடையாள அட்டைப் பிரதியும் கிராம உத்தியோகத்தர் சான்றிதழும்தான். ஊரிலிருந்து வெளிக்கிடும் முன்பே கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போனால் திரும்பி வர வேண்டியதில்லை. பிரதியின் குறுக்கே “வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்” என்று எழுதித் திகதி போட்டுக் கொடுக்க வேண்டும்.

வீட்டை விடும்போது முற்பணத்தில் வெட்டு விழுவது பெரும்பாலும் பெயின்டுக்கும் “உடைந்த” பொருட்களுக்கும். குடிபுகும் நாளிலேயே ஒவ்வொரு அறையையும், குழாயையும், கண்ணாடியையும், பாத்ரூம் டைல்ஸையும் வீடியோ எடுத்து வைத்தவருக்கு இங்கே பேச வாய் இருக்கும். கடைசி மாத வாடகையைக் கட்டாமல் “முற்பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள்” என்பது வாடகைக்காரர் பக்கத்துத் தந்திரம்; ஒப்பந்தத்தில் இடமில்லாவிட்டால் அது உங்களைத்தான் குற்றவாளியாக்கும். இணக்கம் வராவிட்டால் முதலில் மத்தியஸ்த சபை. கூலி கொடுத்துச் சட்டத்தரணி பிடிக்க வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, மட்டக்களப்பிலும் அதன் அலுவலகம் உண்டு. தகராறு என்று வீட்டுக்காரர் பூட்டை மாற்றினால், நீதிமன்றக் கட்டளையில்லாமல் அப்படி வெளியேற்ற முடியாது. உடனே பொலிஸில் முறைப்பாடு எழுதி அதன் இலக்கத்தை வாங்கி வைக்க வேண்டும். 1979இன் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் பரிகாரம் தேடுவதற்கு, வெளியேற்றப்பட்ட நாளிலிருந்து இரண்டு மாதம் என்ற எல்லை இருப்பதால் “பார்ப்போம்” என்று ஊருக்கு வந்து இருந்துவிடக்கூடாது.

இனி தங்களிடம் கேட்பது. வாடகை விளம்பரத்தில் ஐந்து விபரங்களைக் கட்டாயமாக்குங்கள்: மாத வாடகை, முற்பணம் எத்தனை மாதம், அது திரும்புமா கழியுமா, கரண்ட் மீட்டர் தனியா சப் மீட்டரா, தருபவர் உரிமையாளரா புரோக்கரா. விளம்பரக்காரர் இவற்றை விடுவதற்கு ஒரு காரணம், சொல் கணக்கில் கட்டணம் அறவிடப்படுவது. “நியாயமான வாடகை” என்று இரண்டு சொல்லில் முடிப்பது அவருக்கு லாபம். இந்த ஐந்து விபரங்களுக்கான சொற்களைக் கட்டணத்திலிருந்து விலக்கிவிடலாம். அதற்கு இடம் போதாதென்றால் பக்கத்தின் தலைப்பில் ஒரு சுருக்கக் குறிப்பு போட்டு, “மு6தி” என்றால் ஆறு மாத முற்பணம் திரும்பும், “மு6க” என்றால் கழியும், “தமீ” என்றால் தனி மீட்டர் என்று அச்சிட்டுவிட்டால் ஒரு விளம்பரத்துக்கு இரண்டு சொல்தான் கூடும்.

இங்ஙனம்,
கொழும்பில் வாடகை வீடுகளில் இருந்து ஊர் திரும்பிய சிலர்,
கல்லடி, மட்டக்களப்பு